சிறப்புக் கல்வியியல் படிப்பு: சேருமுன் பார்க்க வேண்டியவை

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குச் சிறப்பாசிரியராகப் பணியாற்றப் பட்டம் மட்டும் போதாது, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். கவுன்சில் ஏற்ற தகுதி உடையவருக்கே பதிவு கிடைக்கும். பதிவின்றி இத்தொழில் செய்வோருக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இப்படிப்புக்குத் தேவை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, உள்ளடக்கிய கல்வியை அரசின் கடமையாக்கியது. தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது. செஞ்சி வட்டத் தளவானூர் போன்ற சிற்றூர்களின் அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர்களே துணை.

ஏமாற்றம் பெரும்பாலும் சேர்க்கையிலேயே தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் நம்பக் கூடாது. குறிப்பிட்ட கல்லூரி, குறிப்பிட்ட படிப்பு, அந்தக் கல்வியாண்டு ஆகிய மூன்றுக்கும் ஆர்.சி.ஐ. ஒப்புதல் உண்டா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். தொலைநிலைப் படிப்பென்றால் அந்த முறைக்கும் ஒப்புதல் தேவை. பொதுவான பி.எட். பட்டம் சிறப்புக் கல்வி பி.எட். பட்டத்துக்கு ஈடாகாது. பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு எனப் பிரிவுகள் தனித்தனி. எது வேண்டும் என்பதைச் சேரும்போதே முடிவு செய்ய வேண்டும். வகுப்பறைப் பயிற்சி இல்லாமலே சான்றிதழ் தருவதாகச் சொல்லும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் இங்கே உரிமை உண்டு. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளோருக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடமும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் சட்டம் அளிக்கிறது.

குறை நேர்ந்தால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். யு.ஜி.சி.யின் 2023 விதிகளின்படி குழு 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவில்லையெனில் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஒப்புதல் பற்றிய புகாரை ஆர்.சி.ஐ.க்கு அனுப்பலாம். மாற்றுத்திறனாளியின் உரிமை மறுக்கப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரை அணுகலாம். அவர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை உரிய அலுவலகம் மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டண ரசீது, சேர்க்கைக் கடிதம், விளம்பரத் தாள் ஆகியவற்றின் நகல்களைப் புகாருடன் இணைக்க வேண்டும்.