கிப்லா ஒன்று, பேச்சு வேறு: கரைசேரும் ரோஹிங்கியா குடும்பங்களோடு பழகுவது எப்படி?

2022 டிசம்பரில் வடமராட்சி கிழக்கு, வெற்றிலைக்கேணிக்கு அப்பால் கடலில் தத்தளித்த ஒரு படகைக் கடற்படையினர் மீட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள், சிறுவர்கள் உட்பட 104 ரோஹிங்கியா முஸ்லிம்கள் அதில் இருந்தார்கள். அதற்கு முன்னரும், 2017 ஏப்ரல் இறுதியில், இதே காங்கேசன்துறைக் கடலில் 30 பேர் பிடிபட்டார்கள். 2024 டிசம்பரில் இன்னொரு படகு முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால் கரையை அடைந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் அதில் வந்தார்கள். முதலில் கண்டு சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தவர்கள் அந்தக் கரையின் தமிழ் மீனவர்கள். அவர்களுக்கும் வந்தவர்களுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இருக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் நம் ஊர்களில் உடுப்பும் உலர் உணவும் சேரத் தொடங்குகின்றன. அல்ஹம்துலில்லாஹ், கொடுப்பதில் நம் மக்கள் பின்நிற்பதில்லை. ஆனால் கொண்டுபோய்க் கொடுத்த பின் அந்தக் குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்து என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. "சலாம் சொன்னால் போதும், அவர்களும் முஸ்லிம்கள்தானே" என்பதே பலருடைய நினைப்பு. சலாம் கதவைத் திறக்கும் என்பது உண்மை. உள்ளே போனபின்தான் சிரமம் தொடங்குகிறது.

மொழியிலிருந்து தொடங்குவோம். ரோஹிங்கியா மொழி, பங்களாதேஷின் சிட்டகொங் பகுதிப் பேச்சுக்கு நெருக்கமானது. தண்ணீர் 'ஃபானி', சோறு 'பாத்'. உருது, ஹிந்தி தெரிந்தவர்களுக்குச் சில சொற்கள் பிடிபடும். அதை வைத்துக்கொண்டு "எல்லாம் விளங்குகிறது" என்று நினைப்பதுதான் ஆபத்து. கொக்ஸ் பஸார் முகாம்களில் 2018இல் மொழிபெயர்ப்பாளர் அமைப்பொன்று சோதித்தபோது, அகதிகளில் 36 வீதமானோருக்குச் சிட்டகொங் பேச்சில் சொன்ன ஓர் எளிய வாக்கியமே விளங்கவில்லை. அப்படியிருக்க, நம் தொலைபேசியில் உள்ள வங்காள மொழிபெயர்ப்பு எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். எழுதிக் கொடுப்பதிலும் பெரிய பயன் இல்லை. ஹனீபி என்ற தனி எழுத்து 1980களில் உருவாக்கப்பட்டு, 2018இல் யூனிகோடிலும் சேர்ந்தது. ஆனாலும் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. மியன்மாரில் பாடசாலைக் கதவே சரியாகத் திறக்கப்படாத சமூகம் அது. வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதைவிடக் குரல் பதிவு அனுப்புவதே நல்லது.

மரியாதையிலும் கவனம் வேண்டும். நமக்கு 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று மூன்று படி இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு. மூத்தவரை 'ஒன்னே' என்று விளிப்பார்கள். அகதி என்றவுடன் ஒருமையில் இறங்கிவிடும் பழக்கம் நம் நாட்டு அலுவலகங்களில் உண்டு. மொழி தெரியாதவருக்கும் தொனி தெரியும்.

சில சொற்கள் நமக்கு அந்நியமில்லை. மனக்கவலையை அவர்கள் 'சிந்தா' என்பார்கள், நிம்மதியின்மையை 'ஒஷாந்தி' என்பார்கள். நம் சிந்தனையும் சாந்தியும் இவற்றோடு ஒரே வேரில் வந்தவைதான். டாக்டர்மார் சொல்கின்ற 'மன அழுத்தம்' என்பதற்கு நேரான ஒரு சொல் அவர்களிடம் இல்லை. "உடம்பு சரியில்லை" என்று ஒரு தாய் திரும்பத் திரும்பச் சொன்னால், பனடோல் கொடுத்து அனுப்பிவிடாமல் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

இனி மார்க்கத்தின் பக்கம். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள் என்பது என் கருத்து. நாம் ஷாபிஈகள், அவர்கள் ஹனபிகள். சுப்ஹில் அவர்கள் குனூத் ஓதுவதில்லை. ஆமீனை மெதுவாகச் சொல்வார்கள். அஸருக்கு நம்மைவிடப் பிந்தி நிற்பார்கள். கட்டிய கையின் இடமும் வேறு. நிவாரணப் பொதியோடு போன ஓர் இளைஞர் அந்தக் குடும்பத்துப் பெரியவரின் தொழுகையைத் திருத்தப் புறப்பட்டால் அவருக்கு எப்படியிருக்கும்? நாடு போய்விட்டது, வீடு போய்விட்டது, மிஞ்சியது தொழுகை. அதிலும் பிழை கண்டுபிடிக்க ஒருவர் வந்து நிற்கிறார்.

சாப்பாட்டிலும் இது வரும். யாழ்ப்பாணத்து உபசரிப்பு என்றால் நண்டும் கணவாயும் இல்லாமலா? ஹனபி மத்ஹபில் கடலில் மீன் மட்டுமே ஆகுமானது. நண்டுக்கறியை ஒரு ரோஹிங்கியா வீட்டார் தொடாமல் வைத்தால் நம் பெண்கள் "நம் சமையலை அருவருக்கிறார்கள்" என்று வருந்துவார்கள். அவர்களோ, "இவர்கள் முஸ்லிம்கள்தானா?" என்றுகூட யோசிக்கக்கூடும். மீனும் கருவாடும் காரமும் கொடுங்கள், சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். பெருநாளில் அவர்கள் 'லூரி ஃபிரா' என்று அரிசிமா ரொட்டி சுட்டு மாட்டிறைச்சியோடு சாப்பிடுவார்கள். அதைச் சுடத் தெரிந்த பெண்ணிடம் நம் பெண்கள் ஒரு நாள் கற்றுக்கொள்ளப் போகலாம். வாங்கிக்கொண்டே இருக்கிற கைக்கு ஒரு நாளாவது கொடுக்கக் கிடைக்கும்.

பெண்களோடு பேசப் பெண்கள்தான் போக வேண்டும். ரோஹிங்கியாப் பெண்கள் பர்தாவில் மிகவும் கண்டிப்பானவர்கள். ஓர் ஆண் தொண்டர் நேரே கேள்வி கேட்டால் தலை குனிவார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் "ஆம்" என்பார்கள். அந்த "ஆம்" பல நேரங்களில் வெறும் மரியாதை. கிளினிக் நாளைச் சொல்லிவிட்டு "விளங்கியதா?" என்று கேட்பதில் பயனில்லை. "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரோடு போவீர்கள்?" என்று அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைத்தால்தான் நமக்கும் நிம்மதி.

பிள்ளைகள் வேகமாக மொழி பிடித்துவிடுவார்கள். சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில் 2012 முதல் ரோஹிங்கியா குடும்பங்கள் வாழ்கின்றன. அங்குள்ள சிறுவர்கள் உள்ளூர்ப் பாடசாலைக்குப் போய்த் தமிழ் பேசுகிறார்கள். இது சந்தோஷமான விஷயம். ஆனால் பத்து வயது மகனை நடுவில் நிறுத்தி உம்மாவின் பிரசவ நோவையோ, வாப்பாவின் கடனையோ மொழிபெயர்க்கச் சொல்வது அநியாயம். மகன் சொல்ல வெட்கப்பட்டதை விட்டுவிடுவான், உம்மாவும் மகன் முன்னால் சொல்ல மாட்டாள். வளர்ந்த ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது பிடியுங்கள். அவர் பேசும்போதும் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தே பேசுங்கள்.

படிவம் நிரப்பும்போது இன்னொரு குழப்பம். ரோஹிங்கியாக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை, தாய், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர். கல்யாணத்துக்குப் பின் மனைவி கணவன் பெயரைச் சேர்ப்பதுமில்லை. நம் நாட்டுப் படிவமோ முதலெழுத்துக் கேட்கும். பெயர் பொருந்தவில்லை என்பதற்காக "இது உண்மையில் உங்கள் பிள்ளையா?" என்று கேட்டுவிடாதீர்கள். பிறந்த திகதி ஜனவரி 1 என்று பலருக்கு ஒரேமாதிரி இருக்கும். அதைப் பார்த்தும் சந்தேகப்பட வேண்டியதில்லை, பதிவு செய்தவர்கள் போட்ட திகதி அது.

அவர்களைப் 'பங்களாதேஷ்காரர்', 'பெங்காலி' என்று சொல்லாதீர்கள். மியன்மார் அரசு 1982 பிரஜாவுரிமைச் சட்டத்தின் மூலம் அவர்களை நாடற்றவர்களாக்கியதும், 2017 ஓகஸ்டுக்குப் பின் ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோரை விரட்டியதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான்.

இவையெல்லாம் நமக்குப் புதிய பாடமா? 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்கள் நாம். புத்தளத்து மக்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து விட்டார்கள். அந்த நன்றிக்கடன் தீராது. ஆனாலும் அங்கே பிறந்த பிள்ளைகள்கூட இருபது வருடம் 'அகதி' என்ற பெயரைச் சுமந்தார்கள். பேசியது ஒரே தமிழ், தொழுதது ஒரே மத்ஹபில். அப்படியிருந்தும் நம் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள். முகாமுக்கு வந்த ஒரு குழுவினர் அரிசிப் பொதியைக் கையில் கொடுத்து, படம் எடுத்து முடியும்வரை எங்கள் உம்மாமாரை வெயிலில் நிற்க வைத்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அரிசி எத்தனை கிலோ என்பது மறந்துவிட்டது.

படம் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மானப் பிரச்சினை மட்டுமல்ல. 2017இல் காங்கேசன்துறையில் பிடிபட்டவர்கள் பின்னர் கல்கிசையில் ஒரு வீட்டில் தங்க வைக்கப்பட்டிருந்தார்கள. செப்டெம்பர் 26ஆம் திகதி பிக்குகள் தலைமையிலான ஒரு கும்பல் அவர்களைப் பயங்கரவாதிகள் என்று கூவிக்கொண்டு அந்த வீட்டை முற்றுகையிட்டது. அது முகநூலில் நேரடியாக ஒளிபரப்பானது. குழந்தைகளோடு இருந்த அந்தக் குடும்பங்களைப் பாதுகாப்புக்காகப் பூஸாவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் நீர்கொழும்பிலிருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகளும் வாடகை வீடுகளை விட்டு விரட்டப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வவுனியா பூந்தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஆகவே ஒரு குடும்பத்தின் முகத்தையும் தங்குமிடத்தையும் "உதவி வழங்கினோம்" என்று முகநூலில் போடுவது யார் கண்ணில் படும் என்று யோசித்துவிட்டுப் போடுங்கள். ஸதகாவை மறைத்துக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இங்கே அந்த மறைவு வாங்குபவரின் உயிருக்கும் காவல்.

கேள்விகளிலும் இதே நிதானம் தேவை. "படகில் எத்தனை பேர் இறந்தார்கள்? ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று பொலிஸும் கேட்கும், குடிவரவு அதிகாரியும் கேட்பார். நாமும் அதையே கேட்டால் நம்மையும் அவர்களில் ஒருவராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். 1951 அகதிகள் சாசனத்தில் இலங்கை கையெழுத்திடவில்லை. நாளை எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாமல் இருக்கிற மனிதர் அவர். "உங்களை இங்கேயே வைத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்" என்று ஆறுதலுக்காகச் சொல்லிவிடாதீர்கள். நம்மவர் வாயில் அது ஒரு துஆ, மொழி தெரியாதவர் காதில் அது ஒரு வாக்குறுதி.

முதல் முறை போகிறவர்கள் பொதிகளோடு கொஞ்சம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பும் கொண்டு போகலாம். (டாக்டர்மார் கோபிப்பார்கள், மன்னிக்கவும்.) ரோஹிங்கியா வீடுகளில் வந்தவருக்கு வெற்றிலை கொடுப்பது பழக்கம். தட்டை அந்த வீட்டுப் பெரியவரின் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் மடித்து முதலில் உங்களிடம் நீட்டுவார். வாங்கிக்கொண்டு, அவர் பேசத் தொடங்கும்வரை காத்திருங்கள்.