தலைக்காயமும் தலைக்கேறும் கோபமும்

பைக்கிலிருந்து விழுந்தவருக்குப் பின்மண்டையில்தான் அடி. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூளையின் முன்பக்கமும் கன்றிப்போயிருக்கிறது. தலைக்காயத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். காரணம் மண்டையோட்டின் உள்ளமைப்பு. உச்சிப் பகுதி உள்ளே வழவழப்பாக இருக்கும். கண்குழிகளுக்கு மேலே இருக்கும் தரைப்பகுதியோ மேடும் பள்ளமும் கூரான விளிம்புகளுமாக இருக்கும். சுமார் 1.4 கிலோ எடையுள்ள மென்மையான மூளை சட்டென்று குலுங்கும்போது, அந்தக் கரடுமுரடான தரையில் உரசுகிறது. அதனால், அடி எங்கே பட்டாலும் அதிகம் பாதிக்கப்படுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலின் அடிப்பகுதியும் பொட்டுமடலின் முனையும்தான்.

கோபத்துக்கும் இந்த இடங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பொட்டுமடலுக்குள் இருக்கும் அமிக்டலா ஆபத்தை மோப்பம் பிடித்து உடலை உசுப்பிவிடுகிறது. அதற்குக் கடிவாளம் போடுவது முன்மடலின் அடிப்பகுதி. இரண்டையும் இணைக்கும் நீண்ட நரம்பிழைகள் தலை வேகமாகச் சுழலும்போது அறுந்துபோகலாம். சாதாரண சி.டி. ஸ்கேனில் இந்தச் சேதம் பெரும்பாலும் தெரியாது. தையல் பிரித்தாயிற்று, ரிப்போர்ட்டும் சரியாக இருக்கிறது. ஆனாலும் குக்கர் விசில் சத்தத்துக்கே தட்டைத் தூக்கி எறிகிறார். “அடிபட்டதிலிருந்து ஆளே மாறிவிட்டார்” என்று வீட்டில் புலம்புகிறார்கள். அக்கம்பக்கத்தாரோ திமிர் என்கிறார்கள்.

இந்த மாற்றத்தை மருத்துவம் கவனிக்கத் தொடங்கியதில் ஒரு ரயில்பாதைத் தொழிலாளிக்குப் பெரிய பங்கு உண்டு. 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள கேவென்டிஷ் அருகே, பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் வேலையில் ஃபினியஸ் கேஜ் என்ற 25 வயது மேஸ்திரி இருந்தார். எதிர்பாராமல் வெடிமருந்து வெடித்தது. ஒரு மீட்டருக்கும் அதிக நீளமும் 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தின் வழியாக நுழைந்து, முன்மடலைத் துளைத்து, உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் முன்பு நிதானமாக இருந்தவர் பொறுமையற்றவராக, வாய்க்கு வந்தபடி பேசுபவராக மாறினார் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் ஜான் ஹார்லோ 1868இல் எழுதினார்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் கதையை இத்துடன் நிறுத்திவிடும். அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1852இல் கேஜ் தென் அமெரிக்காவின் சிலிக்குப் போனார். அங்கே பல ஆண்டுகள் ஆறு குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியை ஓட்டினார். நேரம் தவறாத வேலை, பழகிய பாதை, பயணிகளிடம் நயமாகப் பேச வேண்டிய கட்டாயம். தினமும் திரும்பத் திரும்ப வந்த இந்த ஒழுங்கே அவரை ஓரளவு மீட்டிருக்க வேண்டும் என்று, அவரைப் பற்றி விரிவாக ஆராய்ந்த உளவியலாளர் மால்கம் மக்மிலன் வாதிடுகிறார். மூளைக்குள் தளர்ந்துபோன கட்டுப்பாட்டை வெளியிலிருந்து கொடுக்க முடியும் என்பதே இதன் சாரம்.

இன்றைய கோபமேலாண்மைச் சிகிச்சையும் இதே வழியில்தான் நடக்கிறது. முதலில் கோபம் வந்த நேரத்தையும் சூழலையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்கிறார்கள். சில வாரங்களில் ஒரு ஒழுங்கு புலப்படும்: களைப்பு, தூக்கமின்மை, இரைச்சல், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவது. அடுத்து, உடல் முன்கூட்டியே தரும் அறிகுறிகளைக் கண்டுகொள்ளும் பயிற்சி. தாடை இறுகும், முகம் சூடாகும், குரல் உயரும். அந்தக் கட்டத்திலேயே, வீட்டாருடன் முன்பே பேசிவைத்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும். மனம் ஆறியதும் திரும்பி வந்து பேச்சை முடிக்க வேண்டும். ஞாபகமறதியும் உடன் இருப்பதால், செய்ய வேண்டியதைச் சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு உத்தியை மட்டும் பலமுறை பழகுகிறார்கள்.

பிறருடைய நோக்கத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதும் கோபத்தைத் தூண்டும். ஒருவர் தெரியாமல் இடித்துவிட்டால்கூட ‘வேண்டுமென்றே செய்தான்’ என்று தோன்றும். வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று யோசிக்கவும் சிகிச்சையில் பழக்குகிறார்கள்.

இதற்குப் பலன் உண்டா? அமெரிக்காவில் டெஸ்ஸா ஹார்ட் குழுவினர் 90 பேரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குக் கோபத்தைக் கையாளும் பயிற்சி எட்டு அமர்வுகளாகத் தரப்பட்டது. மற்றவர்களுக்குக் காயம் பற்றிய விளக்கமும் ஆதரவும். எளிதில் கோபப்படும் இயல்பை அளந்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 68 சதவீதத்தினரிடம் முன்னேற்றம் தெரிந்தது. மற்ற பிரிவில் 47 சதவீதம். வேறு இரண்டு அளவுகோல்களில் பெரிய வேறுபாடு இல்லை. மாயம் எதுவும் நிகழவில்லை. ஆனால் காயம் பட்டுப் பல மாதங்கள் கழித்தும் மனிதர்கள் மாற முடியும் என்பது உறுதியானது.

எனவே, தலைக்காயத்துக்குப் பிறகு கோபம் அதிகமானால், “குணம் கெட்டுவிட்டது” என்று முத்திரை குத்தாதீர்கள். அதற்காக அடி உதையைச் சகித்துக்கொள்ளவும் வேண்டாம். வலிப்பு, வலி, மனச்சோர்வு, மருந்தின் பக்கவிளைவு என வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நரம்பு உளவியலாளரிடம் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் டிவி சத்தத்தைக் குறையுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாதீர்கள். கோபம் உச்சத்தில் இருக்கும்போது நியாயம் பேசாதீர்கள். இந்தச் சிகிச்சையில் பாதி வீட்டார் கையில்தான் இருக்கிறது.