ஒரே உலைச் சோறு

மதுரை அரசரடி இறையியல் கல்லூரி: சேர்ந்து வாழும் படிப்பும் வரவிருக்கும் திருநாள்களும்

பறையை அடிப்பதற்கு முன்னால் தீயில் காய்ச்ச வேண்டும். வைக்கோலைக் கொளுத்தி, தோல் பக்கத்தை நெருப்புக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பிடிப்பார்கள். தொய்ந்து கிடந்த தோல் சூடேற ஏற விறைக்கும். அவ்வப்போது விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ஓசை கணீரென்று வந்த பிறகுதான் ஒரு கையில் சிண்டுக்குச்சியும் மறுகையில் அடிக்குச்சியும் ஏறும்.

சாவு வீட்டு வாசலில் கேட்டுப் பழகிய அந்த முழக்கத்தை ஆராதனைக்குள் கொண்டுவந்த இடம் மதுரை அரசரடியில் இருக்கிறது. மத்தியச் சிறையும் ரயில்வே காலனியும் சூழ்ந்த அந்தப் பகுதியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரிதான் அது. நாளைக்கு நம் ஊர் ஆலயங்களில் திருவிருந்து பரிமாறப்போகிற குருமார்கள் அங்கே படிக்கிறார்கள். கிரேக்கமும் எபிரெயமும் படிக்கிறார்கள். அதைவிடக் கடினமான பாடம் ஒன்றும் அங்கே உண்டு. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்ற பாடம் அது.

இரண்டு சபைகள், ஒரு வளாகம்

தமிழகத்தில் குருமார் பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, பத்தே ஆண்டுகளில் உள்ளூர் ஊழியர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். 1733-ல் ஆரோன் என்ற தமிழர் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். ஆனாலும் நெடுங்காலம் ஒவ்வொரு சபையும் தன் ஊழியர்களைத் தனித்தனியாகவே பயிற்றுவித்தது. அந்தப் பிரிவைக் கடந்து தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சபையாரும் லுத்தரன் சபையாரும் கைகோத்தபோது, 1969-ல் அரசரடிக் கல்லூரி பிறந்தது. நாசரேத்தை அடுத்த திருமறையூரில் நடந்துவந்த இறையியல் கல்லூரியும் அதில் இணைந்தது.

இங்கே படித்து முடிப்பவர்களுக்கு பி.டி. என்னும் இறையியல் பட்டம் வழங்குவது செராம்பூர் பல்கலைக்கழகம். வில்லியம் கேரியும் நண்பர்களும் 1818-ல் வங்காளத்தில் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு, டென்மார்க் மன்னர் ஆறாம் பிரடெரிக் 1827-ல் பட்டம் வழங்க அரச சாசனம் கொடுத்தார். இந்தியாவெங்கும் உள்ள பல இறையியல் கல்லூரிகளின் பட்டங்கள் இன்றைக்கும் அந்தச் சாசனத்தின் பேரிலேயே வழங்கப்படுகின்றன. செராம்பூரைப் போலவே தரங்கம்பாடியும் அன்றைக்கு டேனிஷ்காரர்களின் ஊர்தான். தரங்கம்பாடிக் கடற்கரைக்கும் ஹூக்ளி ஆற்றங்கரைக்கும் இப்படி ஒரு பழைய உறவு.

கன்னியாகுமரியிலிருந்து ஒருவர் வருவார், வேலூரிலிருந்து ஒருவர் வருவார். ஒருவர் ஆங்கிலிக்கன் முறை ஜெபப் புத்தகத்தோடு வளர்ந்தவர், இன்னொருவர் லுத்தரன் ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்தவர். மணமானவர்கள் மனைவி மக்களோடு வந்து தங்குவதும் உண்டு. காலையில் ஒரே மணிச் சத்தத்துக்கு எழுந்து, ஒரே ஆலயத்தில் ஜெபித்து, ஒரே கூடத்தில் சாப்பிட வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

மதுரையில் மறுக்கப்பட்ட பந்தி

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆலயங்களுக்குள் சாதி வேற்றுமையை அறவே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபைகள் கொந்தளித்தன. சேர்ந்து உட்காரவும் ஒரே பாத்திரத்தில் பருகவும் மறுத்துப் பலர் வெளியேறினார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் கவிராயர் வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்துக்கு ஆதரவாகவே எழுதினார். அவருடைய கீர்த்தனைகளை உருகிப் பாடும் நாம் இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மதுரையில் நடந்தது இன்னும் நேரடியானது. 1834-ல் இங்கே பணி தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன், 1847-ல் தன் ஊழியர்களுக்கு ஒரு அன்பின் விருந்தை ஏற்பாடு செய்தது. எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும், உண்ண மறுப்பவர்கள் மிஷன் வேலையில் நீடிக்க முடியாது என்பது நிபந்தனை. உபதேசியார்கள் பலர் சோற்றைத் தொடாமல் வேலையை விட்டே போனார்கள். வேதத்தை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்து இலைக்காரரை ஏற்கத் தெரியவில்லை.

அந்த மிஷனின் சபைகள் பின்னாளில் 1947 செப்டம்பர் 27-ல் உருவான சி.எஸ்.ஐ.யில் கலந்தன. ஒரு தலைமுறை பந்தியை விட்டு எழுந்து போன அதே மதுரையில், அரசரடி மாணவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து இறையியல் படிக்கிறார்கள்.

பரட்டை அண்ணன் கற்றுத் தந்தது

அந்தப் பந்தியை இறையியலாகவே மாற்றியவர் தியோபிலஸ் அப்பாவு. 1940-ல் பிறந்து 2005-ல் மறைந்த இந்த அரசரடிப் பேராசிரியரை மாணவர்களும் கிராமத்துச் சபை மக்களும் 'பரட்டை அண்ணன்' என்றுதான் அழைத்தார்கள். ஆலயத்தில் ஆர்கனும் கர்நாடகக் கீர்த்தனையும் இருக்கலாம், தெம்மாங்கும் ஒப்பாரியும் பறையும் கூடாதா என்று அவர் கேட்டார். தலித் மக்கள் காலங்காலமாகப் பாடிவந்த மெட்டுகளில், பேச்சுத் தமிழில், முழு ஆராதனை முறையையே அமைத்தார். கடவுளை ஆணாக மட்டும் பார்க்காமல், பெற்றெடுத்த தாயும் தகப்பனுமாகப் பார்க்கும் பார்வை அதில் உண்டு. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவருடைய இசையையும் இறையியலையும் பற்றி 2014-ல் முழு நூலே வெளியிட்டிருக்கிறார்.

அப்பாவுவின் சிந்தனைக்கு நடுமையமாக இருந்தது ஒரு சமையலறைச் சொல், 'உலை'. ஒரே உலையில் பொங்கிய சோற்றைச் சேர்ந்து தின்கிறவர்கள் ஒரே குடும்பம். கிராமத்தில் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்பதை எப்படிச் சொல்கிறோம்? 'தனி உலை வைத்துவிட்டார்கள்' என்கிறோம். சாதியும் மனிதக் குடும்பத்தில் தனி உலை வைத்த காரியம்தான். திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டுக்கொள்கிறவர்கள், வெளியே வந்ததும் தனித்தனி உலைக்குத் திரும்பினால் அந்த அப்பத்துக்கு என்ன பொருள்? 1981-ல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்குக் கால்கோள் இட்டார். அப்பாவு அதையே நாட்டுப்புறப் பாட்டாகவும் பந்தியாகவும் மக்கள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஒரு அசன நாள் நினைவு

இதை நான் ஏட்டில் மட்டும் படித்தவன் அல்ல. தெற்கே ஒரு சிற்றூரில், எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது, ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாள் அசனம், அதாவது ஊர்ப் பொது விருந்து. வீடு வீடாக அரிசி தண்டி, ஆடு வெட்டி, இரவெல்லாம் அடுப்பு எரிந்தது. மலைபோல் சோற்றைக் கொட்டிப் பனை ஓலைப் பாயால் மூடியிருந்தார்கள். ஆவி பறக்கும் அந்த வாசனை இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

கீழத் தெருவுக்கு மட்டும் தனி அண்டா, தனி இடம், ஆலயச் சுவருக்கு அந்தப் பக்கம். என்னோடு ஞாயிறு பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் சொன்ன பையன் அங்கே போய் உட்கார்ந்தான். "ஏன் ஆச்சி, அவன் மட்டும் அங்க போறான்?" என்று கேட்டேன். "பேசாம சாப்பிடுல" என்றாள் ஆச்சி. நாங்கள் ஐயர் என்று அழைக்கும் குருவானவர் இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே ஜெபம் செய்தார். இரண்டு அண்டாவை ஒன்றாக்க அவர் வாய் திறக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. எங்கள் வீட்டுச் சாவுக்கெல்லாம் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு யாரும் பழக்கித் தந்திருக்கவில்லை.

மதிலுக்கு வெளியே

அந்தப் பழக்கம் வகுப்பறைக்குள் மட்டும் கிடைக்காது. அரசரடியின் பயிற்சி முறை அதனாலேயே தனித்து நிற்கிறது. மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி, குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் மக்களோடு மக்களாகத் தங்கிப் படிக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும்போதுதான், சமாரியப் பெண் கிணற்றடிக்கு நண்பகலில் தனியாக வந்ததன் வலி புரியும். மழை இரவில் ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்தவர் பெத்லகேம் தொழுவத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது, சொல்லில் அலங்காரம் குறைந்து உண்மை கூடும்.

பெண்களும் இங்கே படிக்கிறார்கள். 2013-ல் புஷ்பலலிதா நந்தியால் பேராயராகி சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் என்ற பெயர் பெற்றார். ஆனாலும் பெண் குருவானவர் கையால் திருவிருந்து வாங்கத் தயங்கும் சபைகள் இன்னும் இருக்கின்றன. ஆண்களும் பெண்களும் ஒரே வளாகத்தில் சேர்ந்து படித்துச் சேர்ந்து ஆராதனை நடத்துவது அந்தத் தயக்கத்தை உடைக்கும் முதல் அடி.

வரும் மாதங்களில்

இறையியல் மாணவர்களின் ஆண்டு, பாடத்திட்டத்தோடு திருச்சபை நாட்காட்டியையும் ஒட்டி நடக்கிறது. செப்டம்பர் 27 சி.எஸ்.ஐ. உருவான நாள். அக்டோபர் 31, மார்ட்டின் லூதர் 1517-ல் தொடங்கிய சீர்திருத்தத்தை நினைவுகூரும் நாள். ஒன்று ஒற்றுமையின் நாள், மற்றது தவற்றைத் தட்டிக்கேட்ட நாள். இரண்டு மரபின் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அரசரடிக்கு இருக்கிறது.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து நாடெங்கும் அனுசரிக்கும் நாள். என்னைக் கேட்டால், ஆண்டின் மிக முக்கியமான பிரசங்கம் அன்றைய பிரசங்கம்தான். பிறகு திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகள், கீத ஆராதனைகள், கிறிஸ்துமஸ். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம். மார்ச் முதல் வெள்ளி பெண்கள் முன்நின்று நடத்தும் உலக ஜெப நாள். அதை ஒட்டி லெந்து காலம். இந்த நாள்களில் மாணவர்கள் ஊர் ஊராகச் சபைகளுக்கு வருவார்கள். உங்கள் ஊருக்கு வருகிற இளைஞரைப் பிரசங்க மேடையில் ஏற்றி இறக்கி அனுப்பிவிடாதீர்கள். வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள். எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று கேட்காமல் போடுங்கள்.

படிப்பை முடித்து உதவிகுருவாகச் சேகரத்துக்குப் போகிறவர்களிடமும் ஒன்று சொல்ல ஆசை. கல்லூரியில் நான்கைந்து ஆண்டு ஒரே உலைச் சோறு சாப்பிட்டீர்கள். போகிற ஊரில் முதல் வேலையாக இரண்டு இடத்தைப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல்? அசனத்துக்கு எத்தனை அண்டா? ஒன்றுக்கு மேல் இருந்தால், அகப்பையை நீங்களே வாங்கிக்கொண்டு, எல்லாரையும் ஒரே பந்திக்குக் கூப்பிடுங்கள். சிலர் எழுந்து போவார்கள், 1847-ல் போனதுபோல. அன்றைக்கு ஒரு சிறு பையன் தன் பாட்டியிடம் எதையும் கேட்க வேண்டியிருக்காது.