பல்பு வாங்குங்க பாஸ்!

தாத்தா காலத்து வால்வு ரேடியோ பரணில் தூங்குதா? காலேஜ் பேண்டுக்காக கிடார் வால்வு ஆம்ப் ஒண்ணு நீங்களே அசெம்பிள் பண்ணிட்டிருக்கீங்களா? சூப்பர்! ஆனா ஒரே ஒரு ரிக்வெஸ்ட். எடுத்த எடுப்பில் பிளக்கைக் கொண்டுபோய் நேரா சுவரில் சொருகிடாதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு பல்பு வாங்குங்க. கலாய்க்கிறோம்னு நினைக்காதீங்க, நிஜமாவே ஒரு 100 வாட் குண்டு பல்பு!

ரேடியோ மெக்கானிக் கடைகளில் பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்க. 'சீரீஸ் லேம்ப்', 'சீரீஸ் போர்டு' என்பார்கள். ஒரு பிளக், ஒரு பல்பு, ஒரு சாக்கெட். அவ்வளவுதான் மேட்டர். ஆனால் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர் புகையாய்ப் போகாமல் காப்பாற்றுவது இதுதான்.

ஏன் நேரா சொருகக் கூடாது?

வருஷக்கணக்கில் ஓடாத ரேடியோவில் மெயின் கண்டன்சர் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போய் கிட்டத்தட்ட ஷார்ட் ஆகியிருக்கலாம். புதுசா நீங்கள் சால்டர் பண்ணிய ஆம்ப்பில் ஒரு ஒயர் இடம் மாறியிருக்கலாம். ஆன் செய்த நொடியில் கரண்ட் காட்டாறு மாதிரி பாயும்.

'வீட்டில்தான் எம்.சி.பி. இருக்கே' என்கிறீர்களா? 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், 230 வோல்ட்டில் கணக்குப் போடுங்க. 1380 வாட்! 80 வாட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் அதில் பாதி வந்தாலே கருகிவிடும். எம்.சி.பி. காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் ஒயரை, உங்க ஆம்ப்பை அல்ல.

இப்போ நடுவில் ஒரு 100 வாட் பல்பை சீரீஸில் போடுங்க. ஆம்ப் முழுசா ஷார்ட் ஆனாலும் பல்பு தன்னுடைய 0.43 ஆம்பியருக்கு மேல் விடாது. 'என்னைத் தாண்டித்தான் போகணும்' என்று வாசலில் நிற்கும் ஹீரோ மாதிரி, பளிச்சென்று எரியும். டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும்.

மீட்டர் பொய் சொல்லுதா?

வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். 100 வாட் பல்புக்கு 529 ஓம் வரும். இப்போ அதே பல்பைக் கையில் எடுத்து மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. சுமார் 40 ஓம்தான் காட்டும்! மீட்டர் ரிப்பேர் இல்லை. டங்ஸ்டன் ஃபிலமென்ட் குளிர்ந்திருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் குறைவு, சூடானால் பத்து மடங்குக்கு மேல் ஏறும். நம்ம வேலைக்கு அதுதான் வரம். ஆம்ப் ஒழுங்காகக் குறைந்த கரண்ட் எடுத்தால் பல்பு குளிர்ந்தே இருந்து வழிவிடும். பேராசைப்பட்டால் சூடாகி மறிக்கும்.

இதே தந்திரத்தை வைத்துத்தான் ஸ்டான்ஃபோர்டில் படித்த பில் ஹ்யூலெட் ஒரு ஆடியோ ஆசிலேட்டரை டிசைன் செய்தார். சிக்னல் அளவு கூடினால் உள்ளே இருக்கும் குட்டி பல்பு சூடாகி, ரெசிஸ்டன்ஸ் ஏறி, அளவைத் தானே கட்டுப்படுத்தும். 1939-ல் டேவ் பாக்கார்டுடன் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தபோது அதுதான் அவர்களின் முதல் தயாரிப்பு. அதன் அடுத்த மாடலில் எட்டை வால்ட் டிஸ்னி ஸ்டூடியோ 'ஃபேன்டேசியா' படத்துக்காக வாங்கியது. ஆமாம், ஹெச்.பி.யேதான்!

என்னென்ன வேணும்?

த்ரீ பின் பிளக் டாப், மூணு கோர் ஒயர், பல்பு ஹோல்டர், த்ரீ பின் சாக்கெட், இரண்டு சுவிட்ச், ஃபியூஸ், இதையெல்லாம் மாட்ட ஒரு சுவிட்ச் பாக்ஸ். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட், மற்றவர்களுக்குப் பக்கத்து எலெக்ட்ரிக்கல் கடையே போதும்.

கனெக்‌ஷன் சிம்பிள். பிளக்கிலிருந்து வரும் ஃபேஸ் ஒயர் முதலில் ஃபியூஸ், அடுத்து மெயின் சுவிட்ச், அடுத்து பல்பு ஹோல்டர், கடைசியாக சாக்கெட்டின் ஃபேஸ் முனைக்குப் போகணும். சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தால் பெரிய எர்த் ஓட்டை மேலே, ஃபேஸ் வலது பக்கம், நியூட்ரல் இடது பக்கம். நியூட்ரலும் எர்த்தும் வழியில் எங்கேயும் நிற்காமல் நேராக சாக்கெட்டுக்குப் போகணும். எர்த்தை மட்டும் 'எதுக்குப்பா இது' என்று வெட்டி விட்றாதீங்க. இரண்டாவது சுவிட்சை ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே போடுங்க. அதை ஆன் செய்தால் பல்பு விலகிக்கொள்ளும், முழு 230 வோல்ட் ஆம்ப்புக்குப் போகும்.

இதுவரை வீட்டு ஒயரிங்கில் கை வைத்ததே இல்லையா? தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் ஒருமுறை காட்டிவிட்டு அப்புறம் சொருகுங்க.

செக் பண்ண, சாக்கெட்டில் ஒரு 60 வாட் டேபிள் லேம்ப்பை மாட்டுங்க. இரண்டு பல்பும் மங்கலாக எரிந்தால் பாஸ்! இரண்டில் எது அதிக வெளிச்சம் என்று ஃப்ரெண்டிடம் பந்தயம் கட்டுங்க. 100 என்பான். ஆனால் ஜெயிப்பது 60! ரெசிஸ்டன்ஸ் அதற்குத்தான் அதிகம், சீரீஸில் வோல்ட்டேஜில் பெரும் பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும்.

பல்பு என்ன சொல்லுது?

முதல் ரவுண்டு: வால்வுகளை எல்லாம் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்க. பல்பு லேசாக மினுக்கிவிட்டு அணைந்தது மாதிரி ஆகிவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் ஓகே. முழு வெளிச்சம் என்றால் டிரான்ஸ்ஃபார்மரிலோ ஒயரிங்கிலோ ஷார்ட். உடனே ஆஃப்! ரெக்டிஃபயர் வால்வுக்குப் பதில் டயோடு வைத்த ஆம்ப்பில் வால்வே இல்லாமலும் ஹை வோல்ட்டேஜ் வந்துவிடும், ஜாக்கிரதை. அதில் இந்த ரவுண்டைச் சில நொடிகளில் முடித்துவிடுங்க.

இரண்டாவது ரவுண்டு: ரெக்டிஃபயர் தவிர மற்ற வால்வுகளைப் போடுங்க. ஹீட்டர்கள் இழுக்கும் கரண்டுக்கு ஏற்ப பல்பு மங்கலாக எரியும்.

மூன்றாவது ரவுண்டு: ஸ்பீக்கரையோ, அதற்கு ஈடான லோடு ரெசிஸ்டரையோ கட்டாயம் மாட்டிவிட்டு, ரெக்டிஃபயரையும் போடுங்க. அது சூடானதும் பல்பு கொஞ்சம் ஏறி, பிறகு மங்கலாக நிலைத்தால் நல்ல செய்தி. ஏறிக்கொண்டே போய் பளிச்சென்று நின்றால் மெயின் கண்டன்சர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட் வால்வின் பயாஸ் என்று தேட ஆரம்பியுங்க.

எந்த வாட் பல்பு? ஆம்ப் சுவரிலிருந்து இழுக்கும் வாட் அளவுக்கோ, அதற்குக் கொஞ்சம் மேலேயோ. சின்ன ரேடியோவுக்கு 40 அல்லது 60, நடுத்தர ஆம்ப்புக்கு 100, பெரிய கிடார் ஆம்ப்புக்கு 150 முதல் 200. பல்பு வழியாக ஓடும்போது வோல்ட்டேஜ் குறைவாகத்தான் இருக்கும். அதனால் பயாஸை ஃபைனலாக செட் பண்ணுவது பல்பை விலக்கிய பிறகுதான்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

பல்பு காப்பாற்றுவது ஆம்ப்பை மட்டும்தான், உங்களை அல்ல! வீட்டில் ஷாக் அடிக்காமல் காக்க வைக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகிறது. அதைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து என்பதால்தான் அந்தக் கணக்கு. நம்ம பல்பு விடுவதோ 430 மில்லி ஆம்பியர் வரை. புரியுதா?

வால்வு ஆம்ப்புக்குள் 300, 400 வோல்ட் டி.சி. சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தேங்கி நிற்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட கிளிப் ஒயரால் கண்டன்சருக்குக் குறுக்கே பிடித்து, பத்து நொடி கழித்து மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகே கை வையுங்க. ஆன் ஆகியிருக்கும்போது அளக்கணும்னா ஒரு கை பாக்கெட்டுக்குள் இருக்கட்டும். தனியாகச் செய்யாதீங்க, ஒரு ஃப்ரெண்ட் கூடவே இருக்கட்டும்.

பவர் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஏ.சி./டி.சி. ரேடியோக்களும் உண்டு. அவற்றின் சேஸிஸிலேயே மெயின் கரண்ட் இருக்கலாம். அதெல்லாம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் அனுபவஸ்தர்கள் ஏரியா. நீங்க தொடாதீங்க.

எல்.இ.டி. வேலைக்கு ஆகாது

எல்.இ.டி., சி.எஃப்.எல். இரண்டுமே இதற்குச் சரிப்படாது. உள்ளே இருப்பது எலெக்ட்ரானிக் சர்க்யூட், ஃபிலமென்ட் அல்ல. 2015-ல் உஜாலா திட்டம் வந்த பிறகு வீடுகளில் எல்.இ.டி.தான் ராஜா. அதனால் குண்டு பல்பு கண்ணில் பட்டால் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்க. மெயின் வோல்ட்டேஜ் ஹாலஜனும் ஓகே.

இன்னொரு விஷயம் தெரியுமா? பல்புக்குள் கூடுதலாக ஒரு தகடு வைத்து எடிசன் 1880-களில் செய்த சோதனைகளின் வழியில்தான் 1904-ல் ஃப்ளெமிங்கின் டயோடு வால்வு பிறந்தது. ஆக, வால்வு என்பது பல்பின் வாரிசு. வாரிசைக் காப்பாற்ற அப்பாவே வாசலில் நிற்பது நியாயம்தானே?

அதனால கடைக்குப் போய் கெத்தா கேளுங்க: 'அண்ணே, ஒரு பல்பு குடுங்க!'