லென்ஸைத் திட்டாதீங்க பாஸ்... அது கானல்!

தாம்பரத்தில் பஸ் ஏறி, சேலையூர், மேடவாக்கம் தாண்டி பள்ளிக்கரணையில் இறங்கியாச்சு. ஃப்ரெண்டோட அண்ணன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கின 150-600 லென்ஸ் தோளில் தொங்குது. சதுப்பு நிலத்தில் கூழைக்கடா கூட்டம், அந்தப் பக்கம் பூநாரை, நடுவில் குச்சிக்கால் வைத்து நடக்கும் நெடுங்கால் உள்ளான். முந்நூறு படம் தட்டியாச்சு. ஹாஸ்டலுக்கு வந்து லேப்டாப்பில் பெருசு பண்ணிப் பார்த்தால்... பறவையோட ஓரமெல்லாம் தண்ணியில கரைச்ச மாதிரி கொழகொழன்னு இருக்கு. கண் எது, இறகு எதுன்னே தெரியலை!

உடனே ரூம்மேட் தீர்ப்பு சொல்லிடுவார்: 'லென்ஸ் அவுட்டு மச்சி!' அடுத்த வாரம் சர்வீஸ் சென்டரில் விசாரணை. சொந்த லென்ஸா இருந்தால், வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்கிற யோசனை. ஒரு நிமிஷம் பொறுங்க. பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு அது. குற்றவாளி உண்மையில் லென்ஸ்தானா?

மத்தியானம் ரேடியல் ரோட்டில் பைக்கில் போகும்போது தூரத்தில் தார் மேல் தண்ணி அலையற மாதிரி தெரியுமே, பார்த்திருப்பீங்க. அதே கானல்தான் உங்க படத்திலும் புகுந்திருக்கிறது. வெயில் ஏறினால் தார், சேறு எல்லாம் சூடாகும். மேலே இருக்கும் காற்று சூடாகி எழும்பும். சூடான காற்று ஒளியை ஒரு அளவு வளைக்கும், குளிர்ந்த காற்று வேறு அளவு வளைக்கும். இரண்டும் கலந்து புரளும்போது, உங்களுக்கும் பறவைக்கும் நடுவில் இருக்கிற 150 மீட்டரும் நெளிகிற கண்ணாடி மாதிரி ஆகிவிடும். 600 மி.மீ. லென்ஸ் பறவையைப் பெருசாக்கும்போது அந்த நெளிவையும் சேர்த்தேதான் பெருசாக்கும். பத்து லட்ச ரூபாய் லென்ஸ் மாட்டினாலும் இதே கதிதான்!

பள்ளிக்கரணை இதற்கென்றே அளவெடுத்துச் செய்த இடம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்தச் சதுப்பு நிலத்தில் பட்டியலுக்குள் வரும் பரப்பே சுமார் 1,247 ஹெக்டேர். பறவைகள் நடுவில். நீங்க ஓரத்தில், சூடான ரோட்டை ஒட்டி. நன்மங்கலம் காட்டின் பழைய குவாரியிலும் இதே பிரச்னைதான். கொம்பன் ஆந்தை உட்கார்ந்திருக்கிற பாறை பத்து மணிக்கே தோசைக்கல் மாதிரி ஆகிடும்.

கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கிறது. ஆடாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையை, 1/2000 ஷட்டரில், தொடர்ச்சியாக இருபது படம் எடுங்க. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பாருங்க. ஒன்றில் அலகு நெளிந்து, அடுத்ததில் கால் நெளிந்து, நடுவில் ரெண்டு படம் மட்டும் ஓரளவு தெளிவாக வந்திருந்தால் அது காற்றோட வேலை. லென்ஸில் கோளாறு என்றால் இருபதிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இது தெரிந்தால் ஒரு லாபமும் உண்டு. நிறைய எடுத்தால் அந்த 'ரெண்டு படம்' உங்களுக்குக் கிடைக்கும்.

'அப்போ விடிகாலையில போயிடறோம் பாஸ்' என்கிறீங்களா? நல்லது, வெயில் ஏறும் முன்னாடி போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மேகமூட்டமான நாள் இன்னும் உத்தமம். ஆனால் மார்கழிக் குளிரில் ஜாக்கிரதை. தண்ணீர் வெதுவெதுப்பாகவும் மேலே காற்று சில்லென்றும் இருந்தால் அதிகாலையிலும் கானல் வரும். காருக்குள்ளிருந்து எடுப்பவர்களுக்கு இன்னொன்று. ஏசி ஓடும்போது கண்ணாடியை இறக்கினால், ஜன்னலிலேயே ஒரு குட்டிக் கானல் தயார்! ஏசியை நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே சூடாகும்வரை காத்திருங்க.

கானல் இல்லையா? அடுத்த சந்தேகம், லென்ஸ் முன்னாடி மாட்டியிருக்கும் யூ.வி. ஃபில்டர். 'பாதுகாப்புக்கு' என்று கடையில் தலையில் கட்டியிருப்பாங்க. மலிவான கண்ணாடி முழுக்கச் சமதளமாக இருக்காது. 50 மி.மீ. லென்ஸில் அது தெரியாது. 400, 600-க்குப் போனால் ஓரங்கள் இரட்டையாகும், பின்னணி மங்கலில் கோடு கோடாக விழும். கழற்றிவிட்டு நாலு படம் எடுத்தால் தெரிந்துவிடும். பாதுகாப்புக்கு லென்ஸ் ஹூட் போதும், என் கட்சி அதுதான்.

படத்தின் கீழ்ப்பாதியில் பால் ஊற்றின மாதிரி ஒரு வெள்ளைத் திரை வந்தால் லென்ஸைத் துடைக்க வேண்டாம். லென்ஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கோரைப்புல்லோ வேலிக் கம்பியோ நின்றிருக்கும். டெலிஃபோட்டோவில் அது உருவமாகத் தெரியாது, புகையாகத்தான் தெரியும். அரை அடி நகர்ந்தால் காணாமல் போகும்.

டிரைபாட் போட்டும் படம் ஆடியிருக்கா? எங்கே போட்டீங்க என்று யோசிங்க. பாலத்து நடைபாதையில் வைத்தால், லாரி ஒன்று கடக்கும்போது கான்க்ரீட்டே அதிரும். இன்னொன்று, லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர். சில பழைய லென்ஸ்கள் டிரைபாடில் இருக்கும்போதும் இல்லாத ஆட்டத்தைத் தேடித் தேடித் தாங்களே ஆடும். அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்க.

பறவை மங்கல், பின்னாலிருக்கும் புல் மட்டும் பளிச் என்றால் அது ஃபோகஸ் பிரச்னை. டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் ஒருமுறை வ்யூஃபைண்டர் வழியாகவும், ஒருமுறை லைவ் வ்யூவிலும் ஃபோகஸ் செய்து ஒரே பொருளை எடுங்க. லைவ் வ்யூ படம் மட்டும் கூர்மையாக இருந்தால், கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் விலை கூடின மாடல்களில் இதை மெனுவிலேயே திருத்தலாம். ஆரம்பநிலை கேமராக்களில் அந்த வசதி இருக்காது, சர்வீஸ்தான். மிரர்லெஸ்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவங்க தலைவலி வேறு: சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால், பறக்கும் பறவையின் இறக்கை சில மாடல்களில் ரப்பர் மாதிரி வளைந்து விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் சரியாகும்.

வானத்தில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளியா? சென்சார் தூசி, பயப்படாதீங்க. அதிகாலையில் ஏசி ரூமிலிருந்து வெளியே எடுத்ததும் படம் பனிமூட்டமா? சென்னை ஈரக்காற்று கண்ணாடியில் வேர்த்திருக்கு. பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வையுங்க.

மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912-1996) தெரியுமா? காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வேறு வேறு பாகங்களைச் சேர்த்துத் தனக்கான கேமராவைத் தானே உருவாக்கி, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். எந்தப் பாகம் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருந்திருக்காது!

சரி, லென்ஸே கோளாறாகவும் இருக்கலாமே? இருக்கலாம். அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. வெயில் வராத காலையில், நிழலில் இருக்கும் ஹாஸ்டல் செங்கல் சுவரை இருபது மீட்டர் தள்ளி நின்று, டிரைபாடில் எடுங்க. சுவரின் ஒரு பக்கம் மட்டும் மங்கலா? கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே சுவரை மறுபடி எடுங்க. அதே செங்கற்களே மங்கலாக இருந்தால் நீங்க சுவருக்குக் கோணலாக நின்றிருக்கீங்க. மங்கல் சுவரின் மறுபக்கத்துக்குத் தாவியிருந்தால் லென்ஸ் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது. ஆன்லைனில் வாங்கின லென்ஸ் என்றால், திருப்பித்தரும் கெடு முடிவதற்குள் இந்தச் சுவர் டெஸ்டை முடிச்சுடுங்க. அந்த ரெண்டு படத்தையும் பென்டிரைவில் போட்டு எடுத்துட்டுப் போனால், சர்வீஸ் கவுன்ட்டரில் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.