வெயிலும் நிழலும் – 6: கீழிருந்து ஏறும் வெயில்

முகமாலையில் ஏ9 வீதியை விட்டு உள்ளே திரும்பியதும் எனக்கும் ஒரு கவசத்தை மாட்டி, முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பை இறக்கிவிட்டார்கள். பங்குனி முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. ஐந்து நிமிடத்துக்குள் என் மூச்சு எனக்கே திரும்பி வந்து முகத்தில் அடித்தது. இதே கவசத்தோடு காலையிலிருந்து முழங்காலில் இருந்து மண் சுரண்டும் பெண்களைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லை இது. 2006 ஓகஸ்டில் சண்டை மூண்டு பாதை மூடுண்ட இடம். இரு தரப்பு முன்னரண்களும் எதிரெதிரே நின்ற நிலம். இங்கு புதைந்த மிதிவெடிகள் பலவற்றுக்குப் பிளாஸ்டிக் உடம்பு, உலோகம் மிகக் குறைவு. கருவியின் சத்தத்தை மட்டும் நம்பமுடியாது. மண்ணைப் பிடி பிடியாகச் சுரண்டிப் பார்க்கவேண்டும். 2002 முதல் இலங்கையில் மிதிவெடி அகற்றும் வேலை செய்யும் ஹலோ ட்ரஸ்டின் பணியாளர்களில் பெண்கள் நிறையப் பேர். குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்களும் அவர்களுக்குள் உண்டு.

“வெயில் மேல இருந்து வாறதெண்டுதான் எல்லாரும் நினைக்கினம், அண்ணை. முழங்காலில இருந்து பாருங்கோ, கீழ இருந்துதான் ஏறுது” என்றார் ஒரு தங்கை.

இருந்து பார்த்தேன். வெறும் மணல். அதன் அனல் தாடைக்குக் கீழே புகுந்து கண்ணாடிக்குள் நின்றது. வரம்பு காட்டக் குத்தியிருந்த சிவப்புத் தடியின் நிழல் விரலகலமும் இல்லை. சித்திரை பிறக்கும் நாளை ஒட்டித்தான் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வருகிறது. ஆவணி நடுவில் இன்னொரு தரம் வரும். அப்போது சோழகம் வீசும், வியர்வை உடனுக்குடன் காய்ந்துபோகும். பங்குனி சித்திரையில் காற்று அசையாது. இருந்த இடத்திலேயே ஆள் அவிந்துபோவார்.

வியர்வைதான் எங்களுக்கு இருக்கும் பெரிய காப்பு. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுபோகும். வழிந்து நிலத்தில் விழுந்தால் அவ்வளவும் வீண். கவசம் நெஞ்சை இறுக மூடியிருக்கிறபோது வியர்வை எங்கே ஆவியாவது? அந்தத் தங்கை கவசத்தைக் கழற்றியபோது சட்டை பிழியும் ஈரமாக இருந்தது.

வளிமண்டலவியல் திணைக்களம் இந்தக் காலத்தில் ‘மனித உடல் உணரும் வெப்பநிலை’ என்று எச்சரிக்கை விடும். வவுனியாவும் முல்லைத்தீவும் அதில் அடிக்கடி வரும். நல்ல வேலை அது. ஆனால் அந்த எண் காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதனையும் வைத்து, நிழலில் நிற்கிறவருக்காகப் போடப்படும் கணக்கு. வெட்டவெளியில் நிற்பவருக்கு இன்னும் 8 பாகை வரை கூடலாம். வெயிலையும் சேர்த்து அளக்க, 1950களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் பயிற்சி முகாம்களில் ஆட்கள் சுருண்டு விழுந்ததைத் தொடர்ந்து ஒரு முறை உருவானது. கறுப்புப் பூசிய செம்புக் கோளம் ஒன்றை வெயிலில் தூக்கிவைத்து அதன் உள்வெப்பத்தைப் பார்ப்பார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் சாதாரண வெப்பமானியும் கூடவே இருக்கும். மூன்றையும் சேர்த்து ஒரே எண். கட்டாரில் 2021 முதல் அந்த எண் 32.1 பாகையைத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்தவேண்டும். அதோடு யூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளியில் வேலை வாங்கவே கூடாது. அங்கே கம்பி கட்டப் போன எங்கள் பெடியங்களுக்கு இது தெரியும். வன்னியில் வயலில் நிற்கிறவருக்கும் வீதிக்குத் தார் ஊற்றுகிறவருக்கும் அப்படி ஒருவர் வந்து “நிற்பாட்டுங்கோ” என்று சொன்னதை நான் கண்டதில்லை. அது எனக்குக் கோபம் தருகிறது.

நிழலிலும் நிழல் இருக்கிறது. மரத்தின் இலை நீரை ஆவியாக விட்டபடியே இருப்பதால் உச்சி வெயிலிலும் காற்றின் சூட்டை விட அதிகம் சூடேறாது. தகரம் கை வைக்க முடியாதபடி கொதித்து, அந்தச் சூட்டை உள்ளே இருப்பவரின் தலையில் இறக்கும். 2009இல் செட்டிகுளத்துக் காட்டை வெட்டி வெளியாக்கிய மெனிக் பாம் முகாமில், போரில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் கூடாரத்துக்குள்ளும் தகரக் கொட்டிலுக்குள்ளும் அடைபட்டது. கடைசிக் குடும்பங்கள் 2012 செப்டெம்பரில்தான் வெளியேறின. ஊர் திரும்பியவர்களின் தலைக்கு மேலும் தகரமே வந்தது. கிடுகும் மண்சுவரும் குளிர்மை என்று எங்கள் ஆச்சிமாருக்குத் தெரியும், ஆனால் கிடுகுக்கு ஓலை வேண்டும், ஓலைக்குத் தென்னை வேண்டும். அந்தத் தென்னைகள் ஷெல்லில் தலை இழந்து நின்றன. வீட்டுத்திட்டங்களில் கல்லையும் சீமெந்துப் பையையும் எண்ணிக் கொடுக்கிறவர்கள், வளவுக்கு இரண்டு வேம்பையும் அந்தக் கணக்கில் சேர்த்து, வேர் பிடிக்கும் வரை தண்ணீருக்கும் வழி செய்திருக்கவேண்டும். இன்னும் செய்யலாம்.

சாப்பாட்டு நேரம் எல்லோரும் ஒரு தறப்பாளுக்குக் கீழே போனார்கள். அந்தத் தங்கை மட்டும் தண்ணீர்ப் போத்தலோடு கொஞ்சம் தள்ளி நின்ற வேம்புக்கு நடந்தார். வெடி அகற்றி முடித்த பக்கம் அது. கண்ணாடித் தடுப்பின் பட்டி நெற்றியில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. செருப்பைக் கழற்றி, வெறுங்காலை வேரடி மண்ணில் வைத்தார்.

“இதில கொஞ்சம் இருங்கோ, அண்ணை.”

(தொடரும்)