சிறுநீர் வழிமாற்றமும் ஈரல் நோயும்

1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்ததோடு, அதற்குரிய நூல்களையும் தமிழிலாக்கினார். அவர் தொடங்கிய மரபு, அவர் காலத்தில் அறியப்படாத நோய்களையும் தமிழில் விளக்க இடந்தருகின்றது. அத்தகையதொன்று ஈண்டு ஆராயப்படும்.

புற்றுநோய் காரணமாகச் சிறுநீர்ப்பையை அகற்ற நேரின், சிறுகுடலின் இறுதிப் பகுதியில் ஒரு துண்டைப் பிரித்து, சிறுநீர்க்குழாய்கள் இரண்டையும் அதனோடு இணைத்து, அதன் வாயை வயிற்றுத் தோலில் திறந்துவிடுவர். சிறுநீர் புறத்தே அணியும் பையிற் சேரும். 1950 இல் அமெரிக்க சத்திரவைத்தியர் பிறிக்கர் விளக்கிய இம்முறை எங்கும் பரவிற்று.

குடலின் குருதி வாயினாளத்தின் வழியே ஈரலை அடையும். தோலின் குருதியோ ஈரலுட் புகாது இருதயத்துக்குத் திரும்பும். இயல்பில் விலகி நிற்கும் இவ்விரு நாளத் தொகுதிகளும் இத்திறப்பின் விளிம்பில் ஒன்றையொன்று அடுத்து அமைகின்றன. ஈரல் நாருற்று இறுகின், குருதி அதனூடு எளிதிற் செல்லாது. வாயினாளத்துக்கும் ஈரல் நாளத்துக்கும் இடையே இயல்பாக 5 மி.மீ. இரசத்துக்கு மேற்படாத அமுக்க வேறுபாடு 10 ஐயுங் கடத்தல் கூடும். தோட்டத்து வாய்க்கால் அடைபடின் நீர் வரம்பின் நலிந்த இடத்தை உடைக்குமன்றோ! அங்ஙனமே திறப்பைச் சூழ்ந்த நாளங்கள் புடைத்து, சிறிது உராயினும் குருதி பெருக்கும். குருதியை உறையச் செய்யும் பொருள்களை ஆக்குவதும் ஈரலே. ஆதலின் பெருக்கு எளிதில் நில்லாது.

பையிற் குருதி காணின், சிறுநீரகத்தையோ கல்லையோ ஐயுற்று வேறு சோதனைகளிற் காலம் கழிதல் உண்டு. திறப்பைச் சூழ்ந்து நீலமேறிய தோலே உண்மையைக் காட்டும் அடையாளமாகும். குருதி கசியுமிடத்தை விரலால் அழுத்திப் பிடித்தல் முதலுதவி. தைத்தல் சிலகாலம் பயன்தரும். அமுக்கம் தணியாவிடின் குருதிப் பெருக்கு மீளும். எனவே, நாளத்தை உள்ளிருந்து அடைத்தலும், ஈரலினூடே குழாய் பொருத்தி அமுக்கத்தைத் தணித்தலும், தக்கவர்க்கு ஈரல் மாற்றுதலும் கையாளப்படுகின்றன. ஆயின் அக்குழாய் மதிமயக்கத்தை விளைவித்தலுங் கூடும். குடற்றுண்டு சிறுநீரின் அமோனியாவை உறிஞ்சுவதால், இந்நோயாளரிடம் அவ்வச்சம் பெரிது.

குருதி தோன்றுமிடம் வயிற்றுத் தோல். அதன் வேரோ ஈரலில் உள்ளது. வேரை நாடாத சிகிச்சை நிலைத்த பயன் தராது.